படி இருக்கு, பிடி எங்கே? எங்க ஃபிளாட் அசோசியேஷன் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சார், செயலாளர் சார், பொருளாளர் மேடம், மத்த கமிட்டி மெம்பர்ஸ் எல்லாருக்கும்,

போன ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல நான் எழுந்து "மாடிப்படிக்கு கைப்பிடி எப்ப சார் போடப்போறீங்க"ன்னு கேட்டதுக்கு செயலாளர் சார் மினிட்ஸ் புக்க எடுத்து பக்கத்த புரட்டி அந்த வரிய எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சு காமிச்சீங்க. "மாடிப்படிகளுக்கு கைப்பிடி அமைப்பது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது." கீழ பன்னெண்டு வீட்டு கையெழுத்து, அதுல என்னோடதும் ஒண்ணு. "போட்டாச்சேம்மா, கண்ணுக்கு தெரியலையா"ன்னு கேட்டீங்க, ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. நானும் பேசாம உக்காந்துட்டேன், அந்த நேரத்துல என்ன பதில் சொல்றதுன்னு நிஜமாவே வாய்ல வரல. வீட்டுக்கு வந்து, மாவுக்கட்டு போட்ட கைய தலகாணி மேல வச்சுட்டு டிவி பாத்துட்டிருந்த எங்கம்மாவ பாத்தப்புறம்தான் வந்துச்சு. நேர்ல சொன்னா மறுபடி மினிட்ஸ் புக்க எடுப்பீங்க. அதனால எழுதறேன், எல்லா வீட்டுக்கும் ஒரு காப்பி போடறேன்.

சார், நாங்க கையெழுத்து போட்டது கைப்பிடிக்கு. நீங்க கட்டி வச்சிருக்கறது கைப்பிடிச்சுவர்.

இது வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும், எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா இந்த ஒரு வார்த்தைலதான் எங்கம்மா மணிக்கட்டு எலும்பு போயிருக்கு. மேஸ்திரி குடுத்த கொட்டேஷன பொருளாளர் மேடம் எனக்கு அனுப்பினாங்க, அதுக்கு நன்றி. அதுல தெளிவா போட்டிருக்கு, "பாராபெட் வால், 4.5 இஞ்ச் செங்கல், மேல 8 இஞ்ச் கிரானைட் கோப்பிங்"னு. கோப்பிங்னா செவுத்து தலையில பதிக்கற கல்லு. பாராபெட்டுக்கு தமிழ்ல கைப்பிடிச்சுவர்தான், அதுல தப்பே இல்ல. அத மினிட்ஸ்ல எழுதும்போது சுவர் விட்டுப்போய் கைப்பிடி மட்டும் நின்னுடுச்சு. பழைய கிரில்ல எடுத்துட்டு புதுசா பைப் வரும்னு பன்னெண்டு வீடும் நெனச்சோம், மேஸ்திரி செவுரு எழுப்பினார். யாரும் யாரையும் ஏமாத்தல, அது எனக்கு நல்லா தெரியும். அதனாலதான் இத சண்டையா ஆக்காம லெட்டரா எழுதறேன்.

பழைய கிரில் எடுத்தது சரிதான், அதையும் சொல்லிடறேன். 1994-ல கட்டின பில்டிங், அந்த சதுரக் கம்பியெல்லாம் அடியில துருப்பிடிச்சு சில எடத்துல தரைய விட்டே எழும்பி நின்னுது, மூணாவது மாடி பையனுக்கு தொடையில கீறி டிடி ஊசி போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனா அந்த கம்பிக்கு மேல ஓடிச்சே ஒரு தேக்கு கட்டை, அத மறந்துட்டீங்க. முப்பது வருஷமா எத்தன பேர் கை பட்டு பட்டு வார்னிஷ் எல்லாம் போயி, மேல்பக்கம் மட்டும் கோயில் உண்டியல் மூடி மாதிரி வழவழன்னு ஆயிருந்துது. ரெண்டாவது மாடி திருப்பத்துல அதுல ஒரு முடிச்சு இருக்கும், சின்னதா புடைச்சிட்டு. கரண்ட் போன ராத்திரி இருட்டுல ஏறி வரும்போது அந்த முடிச்சு உள்ளங்கைல பட்டா எங்க வீடு வந்துடுச்சுனு அர்த்தம். நான் காலேஜ் படிச்சப்பலேர்ந்து அப்படித்தான் வீடு கண்டுபிடிச்சேன். அந்த கட்டை எந்த காயலான் கடைக்கு போச்சுன்னுகூட இப்ப யாருக்கும் தெரியல, விடுங்க.

அந்த கட்டைக்கு நம்ம பில்டிங்ல ஒரு பேர் கிடையாது, கவனிச்சிருக்கீங்களா? மூணாவது மாடி மாமி "கட்டை"னுவாங்க, பசங்க "ரெயிலிங்"னுவாங்க, வாட்ச்மேன் அண்ணன் "கம்பியப் புடிச்சுட்டு எறங்குங்கம்மா"னுவாரு, எங்க பாட்டி இருந்தவரைக்கும் "அழி"ன்னாங்க. எங்கம்மா வெறும் "புடி". "படின்னா புடி வேணும்டி"னு சொல்லுவாங்க. தமிழ்ல கைப்பிடின்னா கதவுல இருக்கறதும் கைப்பிடி, குக்கர்ல இருக்கறதும் கைப்பிடி, பஸ்ல தொங்கறதும் கைப்பிடி, ஒரு கை அரிசியும் கைப்பிடி அரிசிதான். இது எல்லாத்துலயும் பொதுவா ஒண்ணு இருக்குல்ல, விரல் மடங்கும். கை மூடும். நீங்க கட்டின செவுத்துல எங்க விரல மடக்கறது, கொஞ்சம் காமிங்க.

கைப்பிடிச்சுவருங்கற வார்த்தை நல்ல வார்த்தைதான், அதுக்குன்னு இருக்கற எடத்துல. கிணத்துக்கு கைப்பிடிச்சுவர் வேணும், மொட்டமாடிக்கு வேணும், பாலத்துக்கு வேணும். "கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் தவறி விழுந்து"ன்னு பேப்பர்ல எத்தன தடவ படிச்சிருப்போம். அங்கெல்லாம் அதோட வேலை ஒண்ணே ஒண்ணு, அந்தப்பக்கம் போய் விழாம தடுக்கறது. யாரும் கிணத்து செவுத்த புடிச்சுட்டு நடக்கப்போறதில்ல. மாடிப்படி அப்படியா? பக்கவாட்டுல எட்டிக்குதிச்சு விழறவங்க நம்ம பில்டிங்ல யாரும் இல்ல சார், நாங்க முன்னாடிதான் விழறோம், படி மேலயே விழறோம். அதுக்கு செவுரு என்ன செய்யும்? விழும்போது தலை இடிச்சுக்க ஒரு எடம், அவ்வளவுதான்.

இப்ப அன்னிக்கு நடந்தத சொல்றேன், ஏன்னா க்ரூப்ல "ஆன்ட்டி கால் ஸ்லிப் ஆயிடுச்சாம்"னு ஒரு வரில முடிச்சுட்டாங்க.

காலைல ஆறே கால். பால் வாங்க அம்மா கீழ எறங்கறாங்க. எழுபத்தொண்ணு வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம், எறங்கும்போது நேரா எறங்க மாட்டாங்க, கொஞ்சம் செவுத்து பக்கம் திரும்பி, வலது கைய அது மேல வச்சு, ஒரு படிக்கு ரெண்டு காலையும் சேத்து வச்சு அப்புறம்தான் அடுத்த படி. எங்க வீட்லேர்ந்து கீழ வரைக்கும் நாப்பது படி, ஒவ்வொண்ணா எண்ணிட்டே எறங்குவாங்க, பழக்கம். முந்தின நாள் ராத்திரி மழை, படிக்கட்டு ஜன்னல் வழியா சாரல் அடிச்சு செவுத்து கிரானைட் மேல தண்ணி நின்னிருக்கு. கருப்பு கிரானைட்டு, பாலிஷ் போட்டது, ஈரமா இருக்கறதே கண்ணுக்கு தெரியாது. முதல் மாடி தாண்டி கீழ் ஃபிளைட்ல, இன்னும் நாலு படி பாக்கி, முப்பத்தாறுன்னு எண்ணினது வரைக்கும் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. முட்டி மடங்கியிருக்கு. முன்ன மாதிரி கட்டை இருந்திருந்தா கை தானா இறுக்கியிருக்கும், அதுக்கு யோசிக்கவே வேண்டாம். இப்ப உள்ளங்கை பலகை மாதிரி அந்த கல்லு மேல விரிஞ்சு வச்சபடியே வழுக்கிட்டு போயிருக்கு. நான் சத்தம் கேட்டு ஓடி வந்து பாக்கும்போது கிரானைட்ல தண்ணிய வழிச்ச மாதிரி ஒரு கை அகலத்துக்கு கோடு, ரெண்டு அடி நீளம், நல்லா தெரிஞ்சுது. கீழ கடைசி படில அம்மா, பக்கத்துல உடைஞ்ச கண்ணாடி வளையல். பால் கூப்பனும் சில்லறையும் மட்டும் எடது கைல அப்படியே மூடி வச்சிருந்தாங்க சார், அந்த கை ஒண்ண விடல பாருங்க. புடிக்க ஏதாவது இருந்தா அந்த கை புடிக்கும்.

வலது மணிக்கட்டுல முறிவு, ஆறு வாரம் கட்டு. இடுப்பு தப்பிச்சதே பெருசுன்னு டாக்டர் சொன்னார், இந்த வயசுல இடுப்பு எலும்பு போனா என்னாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, நம்ம பில்டிங்லயே ரெண்டு வீட்ல பாத்திருக்கோம்.

இதுக்கு க்ரூப்ல வந்த பதில்கள், "வயசானவங்க பாத்து எறங்கணும்", "காலைல ஏன் தனியா அனுப்பறீங்க", "பால் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணலாமே". அம்மா பாத்துதான் எறங்கினாங்க. கண்ண கால் மேல வச்சு, கைய புடி மேல வச்சுதான் எறங்க முடியும், கை எங்க வைக்கறதுன்னு கண்ணால தேடினா அப்பறம் படிய யார் பாக்கறது?

நான் டேப் எடுத்துட்டு போய் அளந்தேன். வாட்ச்மேன் அண்ணன்தான் டேப்போட மறுமுனைய புடிச்சாரு, ஏம்மா இதெல்லாம்னு ஒரு தடவ கேட்டாரு, அப்பறம் அவரே ஒவ்வொரு அளவையும் சத்தமா படிக்க ஆரம்பிச்சுட்டாரு. படிலேர்ந்து செவுத்து தலை வரைக்கும் மூணு அடி நாலு இஞ்ச். எங்கம்மா ஒசரம் நாலு அடி பத்து. அவங்க கைய வைக்கணும்னா தோள தூக்கணும். கிரானைட் எட்டு இஞ்ச் அகலம், என் கை கட்டைவிரல்லேர்ந்து சுண்டுவிரல் வரைக்கும் முழுசா விரிச்சா ஏழரை. அதாவது என் கையாலயும் அத ரெண்டு பக்கமும் சேத்து புடிக்க முடியாது. புடிச்சாலும் அது பிடி இல்ல, பாறாங்கல்ல கட்டிக்கற மாதிரி. ஒரு கொல்லர் மம்பட்டிக்கு எட்டு இஞ்ச் பலகைய காம்பா சொருகி குடுத்தா நம்ம யாராவது வாங்குவோமா? உலக்கைய பாருங்க, கடப்பாரைய பாருங்க, யாரும் ஸ்கேல் வச்சு அளந்து பண்ணல, ஆனா எல்லாமே கைக்குள்ள அடங்கற தடிமன்தான்.

ஸ்கேல் வச்சு அளந்தவங்களும் இருக்காங்க. மாற்றுத்திறனாளிகளும் வயசானவங்களும் புழங்கற மாதிரி கட்டடம் எப்படி இருக்கணும்னு மத்திய அரசு 2016-ல ஒரு வழிகாட்டுதல் போட்டிருக்கு, 2021-ல அத திருத்தி மறுபடி வெளியிட்டிருக்கு. கைப்பிடி உருண்டையா இருக்கணும், குறுக்களவு 38-லேர்ந்து 45 மில்லிமீட்டருக்குள்ள. செவுத்துக்கும் கம்பிக்கும் நடுவுல 50 மில்லி இடம் விடணும், விரல் உள்ள போய் சுத்தி வர. 2016-ல போட்டதுல ஒசரம் 760-லேர்ந்து 900 மில்லிக்குள்ளன்னு இருக்கு. அப்புறம் எனக்கு ரொம்ப புடிச்சது ஒண்ணு, படி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் முடிஞ்ச பின்னாடியும் கைப்பிடி இன்னும் 300 மில்லி, அதாவது ஒரு அடி, நீண்டு வரணும். எதுக்குன்னு மொதல்ல புரியல. அப்பறம் கண்ண மூடிட்டு எங்க ஆபீஸ் படில எறங்கி பாத்தேன். கம்பி சாஞ்சுகிட்டே வந்து ஒரு எடத்துல மட்டமா திரும்புது, அப்ப படி முடிஞ்சுதுன்னு கைக்கு தெரிஞ்சுடுது, கால் அதுக்கப்பறம்தான் தரைய தொடுது. கண்ணு சரியா தெரியாதவங்களுக்கும், கையில பெரிய பைய வச்சுட்டு கீழ பாக்க முடியாம எறங்கறவங்களுக்கும் இதுதான் கண்ணு. நம்ம தேக்கு கட்டை முடிச்சு மாதிரியேதான்.

இதெல்லாம் பொதுக்கட்டடத்துக்கு போட்ட விதி, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்து கீழ வர்றது, நம்ம மாதிரி பன்னெண்டு வீட்டு பழைய பில்டிங்க யாரும் வந்து செக் பண்ணப்போறதில்ல, ஒத்துக்கறேன். அந்த சட்டத்து கீழ இந்த விதிகள வெறும் பரிந்துரையா வச்சுக்க கூடாது, கட்டாயமா ஆக்கணும்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, அதையும் உங்கள மிரட்ட சொல்லல. கலெக்டர் ஆபீஸ் படியேறும்போது எங்கம்மாவுக்கு இருக்கற அதே கைதான் வீட்டுப் படியிலயும் இருக்கு, அந்த அளவ அப்படியே இங்க எடுத்துக்கலாமேன்னுதான் கேக்கறேன். இன்னொண்ணு, 38 மில்லின்னா என்னவோன்னு பயப்பட வேண்டாம். பைப் கடைல போய் நின்னா "ஒன்றரை இஞ்ச்"னு குடுப்பான், அதான் 38. எல்லா கடைலயும் இருக்கு.

பொருளாளர் மேடம் மீட்டிங்ல ஒண்ணு சொன்னீங்க, "நம்ம கோயில்ல எல்லாம் கல்லுலதானே படிக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, அந்த காலத்துல எவர்சில்வர் பைப்பா போட்டாங்க"ன்னு. மேடம், தாராசுரம் நானும் போயிருக்கேன். இரண்டாம் ராஜராஜன் காலத்து வேலை, 12-ஆம் நூற்றாண்டு, படிக்கு ரெண்டு பக்கமும் யாளியும் துதிக்கையும் சுருண்டு எறங்கறத பாத்துட்டே ஒரு மணி நேரம் நின்னேன், அத வச்சு நம்ம பில்டிங் கிரானைட்ட நியாயப்படுத்தறது அந்த சிற்பிக்கு பண்ற அநியாயம். சுருள்யாளி அழகுக்கு வச்சது, அதுவும் கொஞ்ச படிக்குத்தான். அறுபது படிய தெனம் நாலு தடவ ஏறி எறங்க இல்ல. நிஜமா ஏற வேண்டிய கோயில்ல என்ன பண்ணியிருக்காங்கன்னு பாருங்க. எந்த மலைக்கோயிலுக்கு வேணும்னாலும் போங்க, படி நடுவுலயோ ஓரத்துலயோ பைப் ஓடும். பெயின்ட் அடிச்ச பைப்பா இருந்தா மேல்பக்கம் மட்டும் பெயின்ட் தேஞ்சு இரும்பு மின்னும். பக்தி ஒரு பக்கம், பைப்பு ஒரு பக்கம்னு ரெண்டையும் புடிச்சுட்டுதான் நம்ம ஜனம் மலை ஏறுது.

எங்கம்மா ஒருத்தங்க விஷயம்னு மட்டும் நெனச்சுடாதீங்க. முதல் மாடி சாருக்கு பக்கவாதம் வந்து எடது கை இன்னும் சரியா வரல. பழைய கிரில் இருந்தப்ப ஏறும்போது வலது பக்கம் கட்டை, புடிச்சு ஏறிடுவார். எறங்கும்போது அதே கட்டை எடது பக்கம் வந்துடும், அந்த கைல பிடிமானம் கிடையாது. அதனால அந்த மனுஷன் எப்படி எறங்குவார் தெரியுமா, திரும்பி நின்னு, பின்பக்கமா, ஏணில எறங்கற மாதிரி, வலது கையால கட்டைய புடிச்சுட்டு. வெளியாளுங்க பாத்தா கூச்சம்னு யாரும் வராத நேரமா பாத்து எறங்குவார். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி போட்டா பாதி பேருக்கு பாதி வழிதான். இப்ப செவுரு வந்தப்பறம் அதுவும் போச்சு. அவர் இந்த ரெண்டு மாசத்துல கீழயே வரல. யாராவது கவனிச்சீங்களா? கமிட்டி மீட்டிங் கீழ பார்க்கிங்ல நடக்குது, அவர் வரலைன்னு "ஆப்சென்ட்" போடறீங்க.

தண்ணி கேன் போடற தம்பி இருபது லிட்டர தோள்ல வச்சு ஒரு கையால அத புடிச்சுட்டு இன்னொரு கைய அந்த கிரானைட்ல உரசிட்டே மேல வர்றத நின்னு ஒரு நாள் பாருங்க. எத்தன வருஷமா வர்றான், அவன் பேரு நம்ம எத்தன பேருக்கு தெரியும்? கேஸ் சிலிண்டர் எறக்கறவரும் அப்படித்தான். அவங்க வந்து மீட்டிங்ல கேக்க மாட்டாங்க.

செவுரு இன்னும் ரெண்டு வேலை பண்ணியிருக்கு. பழைய கம்பி படி ஓரத்துல மெல்லிசா நின்னுது, இப்ப செங்கல், பூச்சு, கல்லு எல்லாம் சேந்து படியோட அகலத்துல நாலு இஞ்ச் போச்சு, மூணாவது மாடிக்கு ஃப்ரிட்ஜ் ஏத்தும்போது திருப்பத்துல மாட்டி கதவ கழட்டி ஏத்தினாங்க, நாளைக்கு ஸ்ட்ரெச்சர் எறங்கணும்னா என்ன பண்றது. அப்புறம் முப்பது வருஷத்து படிக்கட்டு ஸ்லாப் ஓரத்துல இவ்வளவு செங்கல் பாரத்த ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு எஞ்சினியர கூப்ட்டு காமிச்சோமா? நான் கேட்ட வரைக்கும் இல்ல. போதாததுக்கு அகலமா இருக்கேன்னு சிலர் அது மேல பூந்தொட்டி வேற வச்சிருக்காங்க, கைய வைக்கறதுக்கு இருந்த கொஞ்ச எடமும் இப்ப கற்பூரவல்லிக்கு.

செலவு பத்தி பேசுவீங்கன்னு தெரியும், வீட்டுக்கு 11,000 ஏற்கனவே வாங்கியாச்சு. நான் ரெண்டு ஃபேப்ரிகேட்டர்கிட்ட கொட்டேஷன் வாங்கியிருக்கேன். ஆறு ஃபிளைட், ஒண்ணுக்கு முன்னாடி பின்னாடி ஒரு அடி சேத்து பன்னெண்டு அடி, ரெண்டு பக்கமும் 144 அடி. 304 கிரேடு எவர்சில்வர் பைப், பிராக்கெட், ஃபிட்டிங் எல்லாம் சேத்து அடிக்கு 450 ரூபா. மொத்தம் 64,800, வீட்டுக்கு 5,400. கொஞ்சம் கம்மியா 202 கிரேடுலயும் போடலாம்னு ஒருத்தர் சொன்னார், நம்ம ஊர் கடல்காத்துக்கு அது சீக்கிரம் துருப்புள்ளி விட ஆரம்பிச்சுடும், திரும்ப மொதல்லேர்ந்து பெயின்ட், டிடி ஊசின்னு வேண்டாம். கட்டின செவுத்த இடிக்கவும் நான் சொல்லல. அது இருக்கட்டும், அதோட உள்பக்கத்துல பிராக்கெட் அடிச்சு பைப் ஓட்டலாம், எதிர்ப்பக்க செவுத்துலயும் அதே மாதிரி. மூணு நாள் வேலைன்னாங்க. கொட்டேஷன் ரெண்டும் இந்த லெட்டரோட இணைச்சிருக்கேன்.

இனி நான் கேக்கறது என்னன்னு தெளிவா சொல்லிடறேன், அப்பறம் புரியலைன்னு வேண்டாம்.

மொதல்ல அந்த மினிட்ஸ் புக். அடுத்த மீட்டிங்ல அந்த வரிக்கு கீழ இன்னொரு வரி எழுதணும்: "மாடிப்படிக்கு கைப்பிடிச்சுவர் கட்டப்பட்டது. கைப்பிடி இன்னும் அமைக்கப்படவில்லை." இவ்வளவுதான், யார் மேலயும் தப்புன்னு எழுத வேண்டாம். இந்த வரி இல்லாம மத்தது எதுவும் நடக்காது, ஏன்னா புக்குல ஏற்கனவே போட்டாச்சுன்னு இருக்கற ஒண்ண திரும்ப போட யாரும் காசு குடுக்க மாட்டாங்க.

அடுத்து, ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் உருண்டை பைப், செவுத்துலேர்ந்து ரெண்டு இஞ்ச் தள்ளி, படிலேர்ந்து மூணு அடிக்கு மேல போகாம, திருப்பத்துல விட்டுப்போகாம தொடர்ச்சியா, கீழயும் மேலயும் ஒரு அடி நீண்டு, நுனி செவுத்து பக்கம் மடங்கி, புடவையோ பையோ மாட்டாத மாதிரி. இத அடுத்த தீர்மானத்துல இந்த அளவோடயே எழுதுங்க, வெறும் "கைப்பிடி"ன்னு எழுதாதீங்க, இன்னொரு தடவ வேற ஏதாவது வந்து நிக்கும். இங்கிலீஷ்ல ஹேண்ட்ரெயில்னு போட்டாலும் சரி, கைப்பிடிக் கம்பின்னு போட்டாலும் சரி, கொட்டேஷன்லயும் மினிட்ஸ்லயும் ஒரே வார்த்தை இருக்கணும்.

தொட்டிகள இந்த வாரமே எறக்கணும். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருத்தர கூப்ட்டு அந்த செவுத்து பாரத்த ஸ்லாப் தாங்குமான்னு எழுத்துல வாங்கணும், அதுக்கான ஃபீஸ்ல என் பங்க தனியா குடுத்துடறேன். படிக்கட்டு ஜன்னலுக்கு சாரல் அடிக்காம ஒரு ஷேடு போடணும், அது நாலாயிரம் அஞ்சாயிரம் வேலை.

கடைசியா, தேதி. அம்மாவுக்கு கட்டு பிரிக்கறது அடுத்த மாசம் 18. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நாப்பது படி எறங்கியாகணும், பிரிச்ச கைல அழுத்தம் குடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், அதனால திரும்பி ஏறும்போது எடது கையாலதான் புடிச்சு ஏறணும். முழு வேலையும் அதுக்குள்ள முடியாதுன்னா பரவால்ல, கீழ நாலு ஃபிளைட்டுக்கு மட்டும், அதுல எறங்கும்போது எடது பக்கமும் ஏறும்போது எடது பக்கமும் வர்ற மாதிரி ரெண்டு செவுத்துலயும் பைப் முதல்ல வரணும். முதல் மாடி சாருக்கும் அந்த நாலுல ரெண்டு போதும். 15-ஆம் தேதிக்குள்ள வேலை ஆரம்பிக்குமா இல்லையான்னு செயலாளர் சார் எனக்கு எழுத்துல பதில் குடுங்க. ஆரம்பிக்காதுன்னா, என் 5,400-ஓட இன்னும் யார் யார் குடுக்கறாங்களோ அவங்க பணத்தையும் சேத்து அந்த நாலு ஃபிளைட்டுக்கு நானே போட்டுக்க அனுமதியாவது குடுங்க, பின்னாடி கணக்குல கழிச்சுக்கலாம்.

இப்படிக்கு,
ரெண்டாவது மாடி, படிக்கு எடது பக்க வீடு